ஃபேரி ஷ்ரிம்ப் எதைப் பிடித்துத் தின்கிறது? வளர்ப்பிலிருந்து கணக்கு வரை முழு வழிகாட்டி

ஃபேரி ஷ்ரிம்ப் என்பது மழைக்குட்டைகளில் வாழும், சிறு இறால் போன்ற உயிரி. வளர்ந்த ஒன்றை ரோட்டிஃபர் (மிக நுண்ணிய நீர்விலங்கு) நிறைந்த பீக்கரில் விட்டு, மறுநாள் எண்ணிப் பார்த்து, "இது ரோட்டிஃபரை விரும்பித் தின்கிறது" என்று எழுதிவிடுவது எளிது. அந்த வரியில் "விரும்பி" என்ற சொல்லுக்கு ஆதாரம் கிடையாது. ஒரு இரை மிஞ்சிக் கிடப்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். காலின் மயிர்வலையில் நிற்காமல் நழுவியிருக்கலாம். நீர் இழுப்பை உணர்ந்து துள்ளித் தப்பியிருக்கலாம். வாயில் நுழையாமல் போயிருக்கலாம். பிடிபட்ட பின் உதறப்பட்டிருக்கலாம். எண்ணும்போது நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அவற்றைப் பிரித்தறிவதற்கானது.

எடுத்துக்கொண்டது ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்ற ஃபேரி ஷ்ரிம்ப் இனம். தென்னிந்தியாவில் மழைநீர் தேங்கி வற்றும் குட்டைகளில் கிடைப்பது. மற்ற ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் இனங்களுக்கும், தாய்லாந்தில் வளர்க்கப்படும் பிராங்கினெல்லா தாய்லாண்டென்சிஸுக்கும் முறை இதுவே. எண்கள் மட்டும் மாறும், அதனால் கீழே உள்ள அளவுகளைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. அது சாப்பிடும் விதம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதனைக்குப் போனால் பாதித் தவறுகள் ஏன் வந்தன என்றே புரியாது.

ஃபேரி ஷ்ரிம்ப் மல்லாந்து நீந்தும். வயிற்றுப்புறம் வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். இலை போன்ற 11 ஜோடிக் கால்கள் பின்னிருந்து முன்னாக அலை அலையாக அடிக்கும். ஒவ்வொரு வீச்சிலும் கால்களுக்கு இடையே உள்ள வெளி விரிந்து தண்ணீரை உள்ளே இழுக்கும், சுருங்கி வெளியே தள்ளும். உள்விளிம்பில் உள்ள மயிர்கள் துகளைப் பிடித்து வைக்கும். பிடிபட்டது நடுவயிற்றில் ஓடும் பள்ளத்தில் சேர்ந்து, முன்னோக்கி நகர்ந்து, மேலுதட்டின் பசையோடு உருண்டையாகி, தாடைகளுக்கு இடையே அரைபடும்.

நீந்துவதும் சாப்பிடுவதும் ஒரே அசைவு என்பதுதான் இங்கே முக்கியம். பசி இல்லாவிட்டாலும் கால் அடிக்கும், துகள் சேரும். சேர்ந்தது அதிகமானால் உருண்டையை அப்படியே வெளியே உதறிவிடும். தீனியை அள்ளிக் கொட்டிய தொட்டியில் அடியில் படியும் பச்சைத் திரட்டுகள் எல்லாம் எச்சம் அல்ல, கணிசமான பகுதி உதறிய உருண்டை. அதையும் "தின்றது" கணக்கில் சேர்ப்பது முதல் தவறு.

குட்டிப் பருவத்தில் இந்தக் கால்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அப்போது பாசி, பாக்டீரியா அளவுத் துகள்கள்தான் உணவு. உடல் வளர வளரப் பிடிக்கக்கூடிய இரையின் மேல்வரம்பு ஏறும். ஆகவே வயதும் நீளமும் எழுதாத சோதனை முடிவு எதற்கும் பயன்படாது.

2. எதை முதலில் தொடங்குவது

பெரும்பாலோர் முட்டையை முதலில் பொரிக்க வைத்துவிட்டு, மூன்றாம் நாள் தீனிக்கு அலைவார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

பொரிப்புக்கு 10 நாள் முன்பே குளோரெல்லா என்ற ஒரு செல் பச்சைப் பாசியின் வளர்ப்பைத் தொடங்க வேண்டும். ஒரு மீன்வளக் கல்லூரி அல்லது தாவரவியல் துறையிலிருந்து தூய வளர்ப்பு 100 மி.லி. கிடைத்தால் போதும், 5 லிட்டராகப் பெருக்கிக்கொள்ளலாம். ரோட்டிஃபரும் மொய்னாவும் (நீர்த்தெள்ளு வகைச் சிற்றுயிரி) பொரிப்பு நாளன்றே தொடங்கட்டும். ஷ்ரிம்ப் 14 முதல் 18 நாளில் சோதனைக்குத் தயாராகும், அதற்குள் இரையும் பெருகியிருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: 10 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி மூன்று, 500 மி.லி. பீக்கர் 15, போல்டிங் துணி (நுண்ணிய கண்களுள்ள சலிக்கும் துணி) 50, 180, 500 மைக்ரான் அளவுகளில் ஒவ்வொரு துண்டு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நுனியை வெட்டிய 10 மி.லி. பிப்பெட் அல்லது 1 செ.மீ. வாயுள்ள கண்ணாடிக் குழாய், நுண்ணிய டிராப்பர், அளவுகோல் பொருத்திய நுண்ணோக்கி, பாசி எண்ண ஹீமோசைட்டோமீட்டர், இரை எண்ண செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டு, பாசியைக் கொன்று நிறமூட்ட லுகால் அயோடின், மாதிரியைப் பதப்படுத்த ஃபார்மலின். வலை வேண்டாம். வலையில் தூக்கினால் கால் மயிர்கள் ஒடியும். ஒடிந்த மயிரோடு நீந்தும், ஆனால் சரியாக வடிகட்டாது. வெளியே பார்த்தால் நலமாகவே தெரியும்.

3. தண்ணீர்

வடிகட்டிய மழைநீர் சிறந்தது. இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு, கிணற்று நீர் ஒரு பங்கு. உப்பு குறைந்த நீர்தான் "மழை வந்துவிட்டது" என்று முட்டைக்குச் சொல்லும். கடினமான போர்வெல் தண்ணீரில் பொரிப்பு மிகவும் குறையும். தனி ஆர்.ஓ. தண்ணீரில் பொரிக்கும், ஆனால் ஓடு உரித்து வளரக் கால்சியம் போதாது.

குழாய் நீர் என்றால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் குளோரினை நீக்குங்கள். வெப்பம் 26 முதல் 30 டிகிரி. காற்றுக் கல் போடாதீர்கள். பொடிக் குமிழிகள் கால்களுக்கு இடையே சிக்கி, விலங்கு மேற்பரப்பில் மிதந்து செத்துப்போகும். கல் இல்லாத வெறும் குழாயில் விநாடிக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழிகள் போதும்.

4. பொரிக்க வைத்தல்

வற்றிய குட்டையின் ஆழமான பகுதியில், மேல் மண் 2 முதல் 3 செ.மீ. மட்டும் சுரண்டி எடுங்கள். உறங்கும் முட்டைகள் அங்கேதான் தங்கும். அரை கிலோ மண் தாராளம். குட்டை யாருடையதோ அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நிழலில் முழுதாகக் காய வையுங்கள், ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அகலத் தட்டில் மண்ணை அரை செ.மீ. பரப்பி, 5 செ.மீ. உயரத்துக்கு மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மேலே விளக்கு வையுங்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் பொரிப்பு தடுமாறும். 24 முதல் 48 மணி நேரத்தில் வெட்டி வெட்டி நீந்தும் வெளிர்ப் புள்ளிகள் தெரியும். எல்லா முட்டையும் ஒரே நனைப்பில் பொரியாது. இரண்டாவது மழைக்கென்று ஒரு பங்கு தூங்கியே கிடக்கும். அதைப் பழுதென்று நினைத்து மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.

அதே மண்ணிலிருந்து ட்ரையாப்ஸ், கிளாம் ஷ்ரிம்ப், மொய்னா, ஆஸ்ட்ரகாட் போன்ற பிற குட்டை உயிரிகளும் கிளம்பும். ட்ரையாப்ஸ் ஒன்று தப்பிவிட்டால் ஒரு வாரத்தில் தொட்டியைக் காலி செய்யும். தட்டின் ஒரு மூலையில் டார்ச் அடித்து, கூடும் குட்டிகளை டிராப்பரால் உறிஞ்சி வேறு தொட்டிக்கு மாற்றி, நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள்.

5. சோதனை வரையிலான தீனி

பொரித்த முதல் நாள் தீனி போடாதீர்கள். குட்டி வயிற்றில் மஞ்சள்கரு இருக்கும், போடும் தீனி அழுகத்தான் செய்யும். அடுத்த நாளிலிருந்து குளோரெல்லா மி.லி.க்கு 2 லட்சம் செல், ஒரு வாரத்துக்குப் பின் 5 முதல் 10 லட்சம்.

கணக்கு இப்படி: மூல வளர்ப்பில் மி.லி.க்கு 2 கோடி செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் தொட்டியில் மி.லி.க்கு 2 லட்சம் வேண்டும். 10,000 மி.லி. × 2 லட்சம் ÷ 2 கோடி = 100 மி.லி. ஹீமோசைட்டோமீட்டரில் மூலையில் உள்ள 1 சதுர மி.மீ. கட்டங்கள் நான்கின் சராசரியை 10,000 ஆல் பெருக்கினால் மி.லி.க்கான செல் எண்ணிக்கை வரும்.

குளோரெல்லா கிடைக்காதபோது ஸ்பைருலினாப் பொடி உதவும். 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் மிக்சியில் அடித்து, 50 மைக்ரான் துணியில் வடிகட்டி, 10 லிட்டருக்கு 5 மி.லி. கொடுங்கள். பேக்கரி ஈஸ்டையே முழு உணவாக நம்ப வேண்டாம். தண்ணீர் கெடுவதுதான் விரைவாக நடக்கும்.

அடர்த்தியும் பாருங்கள். முதல் நான்கு நாள் லிட்டருக்கு 100, எட்டாம் நாள் வரை 30, அதன்பின் 10 முதல் 15. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பெரியதையும் பொரித்த குட்டியையும் ஒரே தொட்டியில் போடக் கூடாது. வளர்ந்த ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் தன் இனத்துக் குட்டியையே வடித்து விழுங்கும். "குட்டிகள் எப்படியோ மறைந்துவிட்டன" என்ற புகாருக்கு இதுவும் ஒரு விடை.

6. இரையைத் தயார் செய்தல்

மூன்று இரை வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய ரோட்டிஃபர் பிராக்கியோனஸ் கேலிசிஃப்ளோரஸ், சிறிய ரோட்டிஃபர் பிராக்கியோனஸ் அங்குலாரிஸ், அன்று பிறந்த மொய்னா. முதலாவது ஏறத்தாழ 200 மைக்ரான், இரண்டாவது அதில் பாதிக்குச் சற்று மேல், மூன்றாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழ். அளவிலும் தப்பும் திறனிலும் வேறுபட்ட மூன்று. நான்காவதாகச் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய ஓட்டுயிரியின் குட்டியைச் சேர்க்கலாம், துள்ளித் தப்புவதில் கெட்டிக்காரப் பிராணி அது.

ரோட்டிஃபரை ஒரே தாயிடமிருந்து பெருக்குங்கள். குட்டைத் தண்ணீரை 50 மைக்ரான் துணியில் சலித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஒரு பெண்ணை உறிஞ்சி, குளோரெல்லாவுள்ள 10 மி.லி. குப்பியில் விடுங்கள். ஒரு வாரத்தில் கூட்டம் கிடைக்கும். எல்லாம் ஒரே மரபு, அளவும் நெருக்கமாக இருக்கும்.

பிராக்கியோனஸ் கேலிசிஃப்ளோரஸுக்கு ஒரு குணம் உண்டு. தன்னைத் தின்னும் ஆஸ்பிளாங்க்னா ரோட்டிஃபர் இருந்த தண்ணீரின் வாடை பட்டால், அடுத்த தலைமுறை நீண்ட பின்முட்களோடு பிறக்கும். முள் உள்ளதும் இல்லாததும் கலந்தால் அது ஒரு இரை அல்ல, இரண்டு. வளர்ப்பில் ஆஸ்பிளாங்க்னா நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். நுழைந்திருந்தால் அந்த வளர்ப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

மொய்னாவுக்கு 500 மைக்ரான் துணியில் தாய்களைப் பிடித்துப் புதுத் தண்ணீரில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் அதே துணியில் ஊற்றினால் தாய்கள் மேலே நிற்கும், குட்டிகள் கீழே இறங்கும்.

ஒவ்வொரு இரையிலும் 30 எண்ணத்தின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். நீளத்தை மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. வாயிலும் பள்ளத்திலும் நுழைவதைத் தீர்மானிப்பது அகலம்தான்.

7. எண்ணுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அரை நாள் வேலைதான். ஆனால் எண்கள் பின்னால் ஏன் அப்படி வந்தன என்பதற்கான விடை இங்கேதான் கிடைக்கும்.

பேக்கரி ஈஸ்ட் 3 கிராம், காங்கோ ரெட் சாயம் 30 மி.கி., தண்ணீர் 10 மி.லி. சேர்த்து 10 நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். ஆறியதும் படிய வைத்து, மேல்நீரைக் கொட்டி, மூன்று முறை கழுவுங்கள். கழுவாவிட்டால் தண்ணீரே சிவந்து ஒன்றும் தெரியாது. காங்கோ ரெட் உடலுக்குக் கேடு, கையுறை போடுங்கள்.

ஒரு ஷ்ரிம்பைத் தட்டையான கண்ணாடித் தொட்டியில் விட்டு, சிவப்பு ஈஸ்ட் ஒரு துளியை வயிற்றுப்புறம் விடுங்கள். துளி கால்களுக்கு இடையே உறிஞ்சப்படுவதும், பக்கவாட்டில் வெறும் நீர் வெளியேறுவதும், நடுப்பள்ளத்தில் சிவப்புக் கோடு தலையை நோக்கி ஊர்வதும் தெரியும். பிறகு குடலின் முன்பகுதி சிவக்கும். உடல் கண்ணாடி போல இருப்பதால் குடலைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை.

குடலில் சிவப்பு தெரிந்தவுடன் ஷ்ரிம்பைக் குளோரெல்லா உள்ள தண்ணீருக்கு மாற்றுங்கள். பச்சை பின்னால் இருந்து சிவப்பைத் தள்ளிக்கொண்டே போகும். இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு கூர்மையாக இருக்கும். பச்சை வால்முனை வரை வந்த நேரத்தைக் குறியுங்கள். அதுதான் உங்கள் வெப்பநிலையில், உங்கள் தீனியளவில் குடல் கடக்கும் நேரம். சோதனைக்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி போடலாம் என்பதை இந்த எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து ஐம்பது ரோட்டிஃபரை விட்டு, செல்போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். பின்னணியில் கறுப்புத் தாள், பக்கவாட்டில் விளக்கு. ரோட்டிஃபர் உருண்டுகொண்டே பள்ளத்தில் போவது தெரியும். மொய்னாக் குட்டி கால் விளிம்புக்கு வந்ததும் ஒரு உதறலில் வெளியே போகிறதா, உள்ளே போன பின் தூக்கி எறியப்படுகிறதா என்று பாருங்கள். முதலாவது இரையின் திறமை, இரண்டாவது ஷ்ரிம்பின் நிராகரிப்பு. "தேர்வு" என்ற சொல் இரண்டாவதுக்குத்தான் பொருந்தும்.

8. இரைத்தேர்வுச் சோதனை

பீக்கர் 15ஐ இப்படிப் பிரியுங்கள்: ஷ்ரிம்பும் இரையும் 8, இரை மட்டும் 5, எண்ணிக்கைச் சரிபார்ப்பு 2.

சரிபார்ப்புப் பீக்கரில் இரையை விட்ட உடனேயே வடிகட்டி எண்ணிவிடுங்கள். 100 விட்டு 95க்குக் குறைவாகத் திரும்பினால், உங்கள் துணியிலோ கழுவும் முறையிலோ ஓட்டை இருக்கிறது. அந்த நிலையில் சோதனையைத் தொடங்குவது நேர விரயம். இரை மட்டும் உள்ள பீக்கர் வேறு வேலைக்கு: தானாகச் சாவது, பிறப்பது, சுவரில் ஒட்டுவது எல்லாம் அங்கே தெரியும்.

ஒரு பீக்கருக்கு ஒரு ஷ்ரிம்ப்தான். ஒரே பீக்கரில் ஐந்து விட்டால் கிடைப்பது ஐந்து அளவீடு அல்ல, ஒன்றுதான். ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் ஆண் துரத்திக்கொண்டே இருக்கும், இரண்டும் ஒழுங்காகச் சாப்பிடாது. பிடிப்புக் கொம்பு பெரிதாக உள்ளது ஆண், கால்களுக்குப் பின்னால் முட்டைப்பை உள்ளது பெண். ஒரு தொடரில் ஒரே பாலை மட்டும் எடுங்கள். அன்று தோல் உரித்ததைத் தவிருங்கள்.

வரிசை இது.

முந்தைய நாள் முழுக்க எல்லா இரையும் குளோரெல்லாவும் கலந்த தண்ணீரில் ஷ்ரிம்பை வைத்திருங்கள். ஒரே இரைக்குப் பழகியதை வைத்துத் தேர்வைச் சோதிக்க முடியாது.

சோதனைக்கு முன், ஏழாம் கட்டத்தில் எடுத்த குடல் கடக்கும் நேரத்தின் அளவுக்கு மட்டும் தெளிந்த தண்ணீரில் விடுங்கள். குடல் முழுக்கக் காலியாகட்டும் என்று ஒரு நாள் பட்டினி போடுகிறவர்கள் உண்டு. பட்டினி கிடந்தது கண்டதையும் விழுங்கும், வேறுபாடு மறைந்துவிடும். முன்குடல் தெளிந்தால் போதும்.

பீக்கரில் 500 மி.லி. தண்ணீர், 28 டிகிரி. சுற்றிக் கறுப்புத் தாள், மேலிருந்து மங்கலான பரவல் வெளிச்சம். பக்கத்து ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஷ்ரிம்ப் சரிந்து நீந்தும், இரையும் அந்தப் பக்கமே கூடும். கூடுமிடம் ஒன்றானால் பிடிபடும் எண்ணிக்கை கூடும்.

ஷ்ரிம்பை அகன்ற குழாயால் மாற்றி, 30 நிமிடம் பழக விடுங்கள்.

பிறகு ஒவ்வொரு இரையும் 100 வீதம் விடுங்கள். நுண்ணோக்கியின் கீழ் டிராப்பரால் ஒவ்வொன்றாக எண்ணி எடுக்க வேண்டும். முட்டை சுமக்கும் ரோட்டிஃபரை ஒதுக்குங்கள், நடுவில் பொரித்துக் கணக்கைக் கெடுக்கும். டிராப்பர் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும். வெளியிலிருந்து சொட்டினால் மொய்னா மேற்பரப்பில் ஒட்டி மிதக்கும். ஷ்ரிம்ப் அதைத் தொடவே முடியாது, உங்கள் தாளில் மட்டும் "மொய்னாவை விரும்பவில்லை" என்று வரும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குச்சியால் ஒரே ஒரு சுற்று மெல்லக் கிளறுங்கள், இரை மட்டும் உள்ள பீக்கரையும் சேர்த்து.

எவ்வளவு நேரம்? முதலில் 30 நிமிட முன்னோட்டம் பாருங்கள். எந்த இரையும் பாதிக்கு மேல் குறையாத நேரமே சரியான நேரம், பெரும்பாலும் 1 முதல் 2 மணிக்குள் வரும். பிடித்தது தீர்ந்துபோனால் மிச்சத்தைத்தான் தின்னும். 24 மணி நேரம் விட்டுவிட்டு எண்ணும் சோதனைகளில் எல்லா இரையும் சமமாகப் பிடித்ததுபோல் தெரிவது இதனால்.

முடிந்ததும் முதலில் ஷ்ரிம்பை வெளியே எடுத்து, கால்களில் இரை ஒட்டியிருக்கிறதா பார்த்து, பீக்கருக்குள்ளேயே கழுவி விடுங்கள். பிறகு தண்ணீரை 50 மைக்ரான் துணியில் வடித்து, பீக்கர் சுவரை இரண்டு முறை கழுவி, 4 சதவீத ஃபார்மலினில் போட்டு, முழுவதையும் எண்ணுங்கள். நூறு எண்ணத்துக்கு மாதிரி எடுத்துப் பெருக்குவது வீண் பிழை. அடியில் கிடக்கும் உருண்டைகளையும் ஊசியால் பிரித்துப் பாருங்கள், உள்ளே உதறப்பட்ட ஓடுகள் இருக்கும். அவற்றைத் தனியே எழுதுங்கள்.

இரை விகிதத்தை மாற்றி மீண்டும் செய்யுங்கள்: சமம், ஒன்றுக்கு நான்கு, நான்குக்கு ஒன்று. விகிதம் மாறினாலும் முடிவு மாறாமல் இருந்தால்தான் அதைக் குணம் என்று சொல்லலாம்.

9. கணக்கு

இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது வடிப்பு வேகம், அதாவது ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.லி. தண்ணீரிலிருந்து அந்த இரை துடைத்தெடுக்கப்பட்டது என்பது.

வடிப்பு வேகம் = நீரளவு × எல்என் (இரை மட்டும் இருந்த பீக்கரில் மிஞ்சியது ÷ ஷ்ரிம்ப் பீக்கரில் மிஞ்சியது) ÷ மணி

எல்என் என்பது கால்குலேட்டரில் உள்ள இயல் மடக்கைப் பொத்தான்.

கணக்கு புரிவதற்காக மட்டும் சில கற்பனை எண்கள்: 500 மி.லி., 2 மணி நேரம். பெரிய ரோட்டிஃபர் இரை மட்டும் உள்ள பீக்கரில் 98, ஷ்ரிம்ப் பீக்கரில் 60. சிறியது 100, 80. மொய்னா 100, 95. மடக்கைகள் 0.491, 0.223, 0.051. வடிப்பு வேகம் மணிக்கு 122.7, 55.8, 12.8 மி.லி.

இரண்டாவது தேர்வு எண். மான்லி, செசன் என்ற ஆய்வாளர்களின் பெயர்களால் அறியப்படும் ஆல்ஃபா. ஒவ்வொரு மடக்கையையும் மூன்றின் கூட்டுத்தொகையான 0.765ஆல் வகுத்தால் 0.64, 0.29, 0.07. மூன்று இரை இருப்பதால் நடுநிலை 0.33. அதற்கு மேல் என்றால் அதிகம் பிடிபட்டது, கீழே என்றால் குறைவு. ஒவ்வொரு பீக்கருக்கும் தனியே ஆல்ஃபா கண்டு, பிறகு எட்டின் சராசரியும் விலகலும் எடுங்கள். எட்டையும் கூட்டி ஒரே ஆல்ஃபா கண்டால் விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடு தொலைந்துவிடும்.

இவ்லெவ் எண், அதாவது உணவில் ஒரு இரையின் பங்கை நீரில் அதன் பங்கோடு ஒப்பிடும் பழைய தேர்வு எண், இன்னும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. அது இரை விகிதத்தோடு சேர்ந்து ஆடும், அதனால் ஒரு சோதனையை இன்னொன்றோடு ஒப்பிட உதவாது. கேட்டால் கொடுங்கள், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

10. தப்பியதா, தள்ளப்பட்டதா

மேலே மொய்னாவுக்கு 0.07 வந்தது என்று வைத்துக்கொள்வோம். காரணம் தெரிய, சுடுநீரில் கொன்ற மொய்னாவை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் போதும், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். உயிரற்றது மூழ்கும், எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறல், இரை மட்டும் உள்ள பீக்கரிலும் அதே.

இறந்த மொய்னாவின் வடிப்பு வேகம் ரோட்டிஃபரை எட்டினால், உயிருள்ளது தப்பித்துக்கொண்டிருந்தது என்று பொருள். அப்போதும் குறைவாகவே இருந்தால் அளவு தடை, அல்லது பிடித்த பின் தள்ளுகிறது. ஸ்லோ மோஷன் படம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சிறிய ரோட்டிஃபர் குறைவாகப் பிடிபட்டால், மயிர் இடைவெளியில் நழுவுகிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். குளோரெல்லா செல் சில மைக்ரான்தான், அதையே அந்த வலை பிடிக்கிறது. நீர் இழுப்பின் விளிம்பில் ரோட்டிஃபர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்பதுதான் சரி.

11. குடலைத் திறந்து பார்த்தல்

குட்டையில் பிடித்த ஷ்ரிம்ப் எதைத் தின்றது என்று அறிய இது நேரடியான வழி. பிடித்த இடத்திலேயே ஃபார்மலினில் போடுங்கள். வாளியில் உயிரோடு வீடு கொண்டுவந்தால், வாளி நெரிசலில் தின்றதையும் சேர்த்தே எண்ணுவீர்கள்.

குடலை இரண்டு ஊசியால் உருவி, கண்ணாடித் தகட்டில் கிளிசரின் துளியில் விரியுங்கள். ரோட்டிஃபர் ஓடுகள் நசுங்கி இருந்தாலும் அடையாளம் தெரியும். மென்மையான ரோட்டிஃபருக்கு நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு துளி விடுங்கள். சதை கரைந்து, அரைக்கும் தாடை மட்டும் மிஞ்சும். மொய்னாவுக்கு வால் நகமும் தாடையும் சாட்சி. தாடைகளை இரண்டால் வகுத்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடைக்கும்.

கலங்கல் குட்டையில் குடல் களிமண்ணால் நிறைந்திருக்கும். அது உணவுத் தேர்வு அல்ல, வடிகட்டி வடித்தது. களிமண்ணோடு வரும் பாக்டீரியாவும் மட்கிய துகளும் உணவுதான், ஆனால் நுண்ணோக்கியில் அவற்றை எண்ண முடியாது. மேலும், சில ஷ்ரிம்ப் அடிமண்ணைக் காலால் கிளப்பி வடிக்கும், அப்போது அடித்தளப் பாசிகள் குடலில் வரும்.

12. இந்த முறை பொருந்தாத இனங்கள்

வட அமெரிக்காவின் மேற்கில், கார ஏரிகளில் வாழும் பிராங்கினெக்டா ஜைகாஸ் 10 செ.மீ.யைத் தாண்டும். தன்னோடு வாழும் பிராங்கினெக்டா மக்கினி போன்ற சிறிய ஃபேரி ஷ்ரிம்பையே கால்களால் பற்றித் தின்னும். ஐடஹோவிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்ட பிராங்கினெக்டா ராப்டரும் இப்படித்தான். இவற்றுக்கு வடிப்பு வேகம் என்ற கணக்கே அர்த்தமற்றது. ஒவ்வொரு இரையாகப் பிடிப்பதால், தேடும் நேரம், கையாளும் நேரம் இரண்டையும் நிறுத்துக்கடிகாரத்தால் எடுக்க வேண்டும். பீக்கர் போதாது, பெரிய தொட்டி வேண்டும்.

13. சோதனை முடிந்த பின்

மிச்ச ஷ்ரிம்பை வேறு ஊர்க் குட்டையில் விடாதீர்கள். ஒவ்வொரு குட்டைக்கும் அதனதன் இனம் இருக்கிறது. மதுரையின் பெயரையே தாங்கிய பிராங்கினெல்லா மதுரையென்சிஸ் அப்படி ஒன்று. பெண்களை ஆண்களோடு தனித்தொட்டியில் இருக்கவிட்டு, அடியில் உதிரும் முட்டைகளை 100 மைக்ரானுக்குக் கீழான துணியில் சலித்து, வடிதாளில் நிழலில் காய வைத்து, தேதி எழுதிய உறையில் போடுங்கள். குறைந்தது சில வாரம் உலர்ந்து கிடந்த பின் நனைத்தால் பொரிப்பு நன்றாக இருக்கும். உறையின் மேல் இனத்தின் பெயரோடு தண்ணீர், வெப்பம், தாய்க்குக் கொடுத்த தீனி மூன்றையும் எழுதி வையுங்கள்.